முதல் சொட்டு

அந்த அம்மாளின் முகம் எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து வருகிறது. விரல்கள் மட்டும் கலையவில்லை. இடது கை விரல் நுனிகளில் கடுகு சிதறினாற்போல் புள்ளிகள். பழையவை கறுத்தும் புதியவை சிவந்தும் கிடக்கும். எலுமிச்சங்காய் ஊறுகாய் என்றால் அவருக்கு உயிர், ஆனால் கையால் தொட மாட்டார். இலை ஓரத்துத் துண்டைக் கரண்டிக் காம்பால் குத்தி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி, "விரலுக்குத் தெரியாமத் தின்னாச்சு!" என்பார். பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குக் கூரையில் இருக்கும் புறா பறக்கும்.

குற்றாலத்தில் அவரை டாக்டரம்மா என்றார்கள். பேர் ஒன்று இருந்திருக்கும். வாசலில் பலகைகூட இருந்தது. சாரல் அடித்து அடித்து எழுத்தெல்லாம் கரைந்து, வெறும் மரமாகத் தொங்கியது. "எழுதணும், எழுதணும்" என்று வருஷா வருஷம் சொல்வார். எழுதவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து மனுஷி. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி வந்த தமிழ், மலையாளத்தில் பாதி நனைந்த தமிழ். எது தவறினாலும், எது கொட்டினாலும், எது உடைந்தாலும், பரவாயில்லை என்கிற அர்த்தத்தில் "சாரமில்ல" என்று கையை உதறிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். யுத்தம் வருவதற்கு முந்திய வருஷங்கள் அவை. உலகத்தில் அப்போது கொஞ்சம் "சாரமில்ல" பாக்கி இருந்தது.

புத்தி பேதலித்தவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டி வருவது அந்த நாளின் வழக்கம். ஆனி பிறந்து மேகம் மலையில் படுத்துக்கொண்டால், வண்டி வண்டியாக வருவார்கள். இரண்டு பேர் கையைப் பிடிக்க, ஒருவர் முதுகைத் தள்ள, பெரிய அருவிக்குக் கீழே கொண்டு நிறுத்துவார்கள். தலையில் தண்ணீர் விழ விழத் தெளியும் என்பது நம்பிக்கை. டாக்டரம்மா அதைத் தடுத்ததே இல்லை.

"குளிக்கட்டும். நானும் குளிக்கிறேன், எனக்கும் தெளியட்டும். அது கழிஞ்சு ஒரு சொட்டு ரத்தம் குடுத்துட்டுப் போகட்டும்" என்பார்.

ஊரே கூடி ஒருவனைப் பைத்தியம் என்று சொன்னாலும், ரத்தத்தை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். மலைக்காய்ச்சல் பூச்சி ரத்தத்தில் இருந்தால் மனுஷன் பிதற்றுவான். ரத்தம் வெளுத்துப் போனால் மனசும் வெளுக்கும். வெளியே சொல்லக் கூசுகிற சில வியாதிகள் வருஷக் கணக்கில் ரத்தத்தில் பதுங்கியிருந்து ஒரு நாள் மண்டைக்கு ஏறும். அப்படிச் சந்தேகப்பட்ட ரத்தம் கண்ணாடிக் குழாயில் அடைபட்டுச் சென்னைக்கு ரயிலேறும். பதில் வருகிறவரை அந்த வீட்டு ஆண்பிள்ளைகள் டாக்டரம்மாவின் தெருவில் நடக்கமாட்டார்கள். "தலைக்குள்ள என்ன இருக்குன்னு தலையைத் திறந்து பாக்க முடியுமா? விரல் வழியாத்தான் எட்டிப் பாக்கணும்" என்பார்.

விரலை யார் நீட்டுவார்கள்? சொந்த நிழலுக்கே பயந்துகொண்டு வந்தவர்களிடம் ஊசியைக் காட்டினால்? மற்ற டாக்டர்கள் "வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டே அமுக்கிப் பிடிப்பார்கள். இந்த அம்மாள் எதிரே தரையில் உட்கார்ந்து, ஊசியை எடுத்து, "முதல்ல எனக்கு" என்று தன் விரலைக் குத்திக்கொள்வார். ஒரு சொட்டு மேலே வந்து மாதுளை முத்துப்போல் நிற்கும். அதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துவிட்டு, "வலிச்சுது. உங்களுக்கும் வலிக்கும். கொறச்சு நேரம்தான்" என்பார்.

நாளைக்கு எத்தனை பேர் வந்தாலும் அத்தனை முறை. அந்தக் கடுகுப் புள்ளிகள் அப்படி வந்தவை.

சிவகிரிப் பக்கத்து மனிதர் ஒருவர் வந்தார். ஒரு நெல் மண்டியில் மூட்டை பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் காலையில் ராஜாவாக எழுந்திருந்தார். அண்ணன் தம்பிமார் கயிறும் கையுமாக நின்றார்கள்.

"ராஜ ரத்தம் தரையில சிந்தப்படாது" என்றார் அவர், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"நியாயம்தான். அப்ப முதல்ல என்னுது சிந்தட்டும்" என்று டாக்டரம்மா குத்திக்கொண்டார்.

ராஜா குனிந்து பார்த்தார். "வலிச்சுதா?"

"வலிச்சுது."

"பெறவு ஏன் அழல?"

"நான் அழுதா நீங்க கை குடுக்க மாட்டீங்களே."

ராஜா யோசித்தார். "ஒரு பொம்பளை குத்திக்கிட்டா, ராஜா பயந்துட்டான்னு எவனும் பேசப்படாது பாரும்" என்று தம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டு விரலை நீட்டினார். ரத்தத்தில் காய்ச்சல் பூச்சி கூட்டம் கூட்டமாக இருந்தது. கொய்னா மருந்து கொடுத்தார். ராஜ்யம் சில நாளில் கலைந்தது. ஊருக்குப் புறப்படுமுன் கும்பிட வந்தவர் வருத்தத்தோடு சொன்னார்: "ராஜாவா இருந்தப்ப நல்லாத்தான் இருந்துது தாயி. மருந்துதான் ஒரே கசப்பு."

சாரல் காலம் டாக்டரம்மாவுக்கு ஒரு விதத்தில் சத்துரு. அவருடைய பூதக்கண்ணாடிக் குழலுக்கு அடியில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் வெயில் விழுந்தால்தான் மேலே ரத்தம் தெரியும். உலகமே சாரல் வேண்டிக் குற்றாலம் வரும். இவர் ஒருவர் மட்டும் வெயில் வேண்டி முற்றத்தில் நிற்பார். மேகம் கிழிந்து ஒரு கை அகலம் வெளிச்சம் விழுந்தால் போதும், "வந்துட்டு! வந்துட்டு!" என்று அந்தக் கனத்த பித்தளைக் கருவியைக் குழந்தைபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடுவார். வெயில் முற்றத்திலிருந்து தெருவுக்கு நகர்ந்தால் இவரும் தெருவுக்கு நகர்வார். தெரு நடுவே முக்காலி போட்டு ஒற்றைக் கண்ணால் குனிந்திருக்கும் அந்தப் பெரிய உருவத்தைச் சுற்றிக்கொண்டு மாட்டுவண்டிகள் ஒதுங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சத்துரு எண்ணெய். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குப் போகிறவர் யார்? அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். பாறையில் வெட்டியெடுத்த உடம்பு. அவர் கையில் அகப்பட்டு வருகிற நோயாளியின் விரல் விலாங்குமீன் மாதிரி வழுக்கும். சொட்டு ரத்தம் தகட்டில் நிற்காமல் எண்ணெயில் ஓடும். ஒரு நாள் டாக்டரம்மா குடையை ஊன்றிக்கொண்டு அவரிடமே போய்விட்டார்.

"அண்ணாச்சி, நீங்க தேய்ச்சு அனுப்புற கையில என் ஊசியே வழுக்குது."

"தேய்க்காமத் தண்ணியில நின்னா சன்னி கண்டுரும் டாக்டரம்மா. என்னையக் குத்தம் சொல்லுதியளே."

"உடம்பு பூரா உங்களுக்கு. இடது கை மட்டும் எனக்கு. சம்மதமா?"

"தோளு வரைக்குமா, முழங்கை வரைக்குமா?"

"முழங்கை மதி, அது போதும்."

அன்றிலிருந்து அண்ணாச்சி, டாக்டரம்மாவிடம் போக வேண்டியவர்களுக்கு இடது கையில் ஒரு உலர்ந்த துண்டைச் சுற்றி அனுப்பினார். பெண்கள் பக்கத்திலும் அந்த வழக்கம் பரவியது. அந்தச் சாரலில் அருவிக்குக் கீழே ஜொலிக்கும் உடம்புகளின் நடுவே துணி சுற்றிய கைகள் ஆகாசத்தை நோக்கி நிற்கும். வெளியூர்க்காரர்கள் அது ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டு, புத்தி தெளிவாக இருந்தவர்களே இடது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குளித்தார்கள். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாரமில்ல, சாரமில்ல. அவங்களையும் இங்க அனுப்புங்க. ஒரு சொட்டு எடுத்துப் பாத்துருவோம்."

எல்லா ரத்தமும் பேசிவிடாது. பல நாள் ஒற்றைக் கண்ணை எடுத்துவிட்டு, "ரத்தத்தில ஒண்ணும் இல்ல" என்பார். கூட வந்தவர்களுக்குச் சந்தோஷம். அவருக்கு இராது. "இனித்தான் வேலை. ரத்தம் பேசல்லேன்னா நாம பேசணும்" என்று பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மங்குஸ்தான் பழத்தை உடைத்து உடைத்து வெள்ளைச் சுளையை எதிரே இருப்பவர் கையில் வைத்தபடி, அவர்கள் வாய் திறக்கும்வரை காத்திருப்பார். கூடை காலியாகும். சிலர் கடைசிப் பழத்துக்குத்தான் வாயைத் திறப்பார்கள். சிலர் அதற்கும் திறக்காமல் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார்கள். அன்றைக்கு அவர் சிரிப்பு பாதியில் நிற்கும்.

இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அம்மாவால் தெரியும்.

தென்காசியில் கோயிலை ஒட்டிய தெரு எங்கள் வீடு. அப்பாவுக்கு வடகரையில் வயல், கோயிலில் ஒரு மரியாதை, வீட்டில் சுத்த சைவம். முட்டை என்ற சொல்லைக்கூட அப்பா "அது" என்பார். அம்மா அதற்கும் மேலே போய், பண்பொழி மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு பாலும் மோரும் விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. எதற்கு நேர்ந்தாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவள் முகம் எலுமிச்சம்பழத் தோல் நிறத்துக்கு வந்தது. நாக்கு சிவந்து வழுவழுவென்று ஆனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு நாள் காலையில் கிணற்றடியில் குனிந்து பார்த்துவிட்டு, பதறாமல், சாவதானமாகச் சொன்னாள்:

"இது என் காலு இல்ல. யாரோ மாத்தி வச்சுட்டாவ."

நான் அப்போது பட்டணத்தில் ஒரு உத்தியோகத்தை உதறிவிட்டு வந்து, கவி எழுதுகிறேன் என்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞன். முதலில் அதை ஒரு அழகான வரி என்று நினைத்தேன். சாயந்திரம் அப்பாவிடம் அவள் கேட்டபோது அழகு போய்விட்டது.

"வடகரையில ஒரு வயலை வித்திய, சரி. என் காலையும் வித்துட்டியளே, இது நல்லாருக்கா?"

"நான் யாரு காலையும் விக்கல" என்றார் அப்பா. வேறு என்ன சொல்வார்?

பெரியப்பா வந்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "மலைக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் இருக்கு. சங்கிலி போட்டு, பூசை வச்சு, மிளகாப் புகை காட்டுவாவ. எப்பேர்ப்பட்டதும் எறங்கிரும். நான் சொல்லி வச்சிருக்கேன்." அப்பா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சாரல் முடியட்டும் அண்ணாச்சி. அருவியில நின்னு பாக்கட்டும். தெளியலேன்னா நீங்க சொல்லுத இடத்துக்கே அனுப்பிருதேன்." அது அவர் கொடுத்த வாக்கு. அப்பா கொடுத்த வாக்கை மாற்றுகிறவர் இல்லை.

ஆகவே குற்றாலத்துக்கு வில்வண்டி கட்டினோம். ஒரு அறை எடுத்துத் தங்கினோம். அம்மா அருவியில் நின்றாள். "தலை குளிருது. காலுக்கு ஒண்ணுமே தெரியல. அதான் சொல்லுதேன்லா, யாரு காலோ" என்றாள். சாரல் காலமோ ஓடிக்கொண்டிருந்தது. இடது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போனோம்.

டாக்டரம்மா அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார். கால் மாறிப்போன கதையை முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை, திருத்தவில்லை. "யாரோட கால் போல இருக்கு?" என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அம்மா தன் பாதத்தை அக்கறையோடு பார்த்தாள்.

"நல்ல குடும்பத்துப் பொம்பளையாத்தான் இருக்கும். பித்தவெடிப்பே இல்ல பாருங்க."

கூரைப் புறா பறந்தது. பிறகு டாக்டரம்மா, "முதல்ல எனக்கு" என்று தன் விரலைக் குத்திக்கொண்டார். "வலிச்சுது. உங்களுக்கும் வலிக்கும்" என்று சொல்லி அம்மாவின் விரலைக் குத்தினார்.

அம்மா சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்ப குத்துவிய?"

"குத்தியாச்சு. வலிக்கல்லியா?"

"எங்க வலிச்சுது!"

அப்பாவுக்கு ஒரே ஆனந்தம். "கைராசின்னா இதுல்லா கைராசி! வலிக்கவே இல்லைங்காளே!" டாக்டரம்மாவின் முகத்தில் மட்டும் விளக்கு அணைந்தாற்போல இருந்தது. அடுத்த விரலைக் குத்தினார். கால் பெருவிரலைக் குத்தினார். "இங்க?"

"அது என் காலு இல்லியே. அந்தப் பொம்பளைக்குல்லா வலிக்கணும்."

வெள்ளை ஒற்றுத்தாளில் இரண்டு சொட்டுகளை வைத்தார். டாக்டரம்மாவினுடையது செம்பருத்தி. அம்மாவினுடையது, குங்குமம் கரைத்த தண்ணீரில் இன்னும் தண்ணீர் விட்டதுபோல் இருந்தது. மீதியைத் தகட்டில் தேய்த்து, நீலச் சாயம் விட்டு, வெயிலுக்குக் காத்திருந்தோம். வந்தது. ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். பார்த்து முடித்தபின் எங்களையும் பார்க்கச் சொல்வது அவர் வழக்கம். தன் ரத்தத்தைக் காட்டாமல் அடுத்தவர் ரத்தத்தைக் காட்ட மாட்டார். அப்பா அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது என்னுது. பாத்தீங்களா?"

"துவரம்பருப்பைப் பரத்திப் போட்டாப்ல இருக்கு." கொஞ்ச நேரம் தேடினார். "நீங்க மீன் சாப்பிடுதவ இல்லியா?"

"ஆமா, தினமும்."

"மீன் எங்கன இருக்கு?"

"அது கரைஞ்சிட்டுது" என்றார் டாக்டரம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. தகட்டை மாற்றினார். "இது உங்க வீட்டம்மாவோடது."

அப்பா வெகுநேரம் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. "இது பருப்பு இல்ல. மொச்சைக்கொட்டை. அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணா…"

"அதேதான். ரத்தத்தில ஆள் குறைஞ்சு போச்சு; இருக்குற ஆளும் வீங்கிப்போய் வேலை செய்யல்ல. நரம்புக்குச் சோறு போகல்ல. கால் மரத்துட்டுது. மரத்துப்போன காலைப் பாத்து, இது என்னுது இல்லன்னு அவங்க சொல்றாங்க. அதில பைத்தியம் எங்க இருக்கு? இதுக்கு மருந்து உண்டு."

"என்ன மருந்து?"

"ஈரல். மிருகத்தோட ஈரல்ல இருந்து எடுத்த சத்து. சீசாவில வரும். ஊசியாப் போடணும்."

அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "எந்த மிருகம்னு மட்டும் சொல்லிராதிய!" பிறகு கையை எடுத்துவிட்டு, "வேண்டாம்மா. எங்க வீட்டுல அது நடக்காது" என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது. ஒரு பக்கம் பெரியப்பாவின் சங்கிலி, இன்னொரு பக்கம் ஏழு தலைமுறைச் சைவம்.

நான் டாக்டரம்மாவைத் தனியே பிடித்தேன். "சத்து ஊசின்னு சொல்லியிருக்கலாமே. யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் தன் இடது கையை என் முகத்துக்கு நேரே விரித்தார். "வலிக்காதுன்னு ஒரு வாட்டி சொன்னா, அப்புறம் இந்தக் கையை யாரு நம்புவா? ஊசி வலிக்கும்னு சொல்றவ, ஈரலை ஈரல்னுதான் சொல்லணும்." கோபித்தாற்போல் பார்த்துவிட்டு, "சாரமில்ல" என்றார். ஆனால் கை உதறவில்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா அப்போது பேசினாள்.

"எதுக்கு எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுருக்கிய? அந்த ஊசியை எங்க போடுவாவ?"

"தொடையில" என்றார் டாக்டரம்மா.

"இந்தக் காலுலயா? இதுதான் என் காலு இல்லியே. யாரு காலுலயோ ஈரலைக் குத்துனா எனக்கு என்ன பாவம்? காலுக்குடையவ பாத்துக்கிடட்டும்."

அப்பா மெதுவாக, "சாஸ்திரத்துல இதுக்கு இடம் இருக்கான்னு…" என்றார்.

"காலு மாறிப்போனதுக்குச் சாஸ்திரத்துல எங்க இடம் இருக்கு? போடச் சொல்லுங்க."

அப்படி ஆரம்பித்தது. சீசாக்கள் சென்னையிலிருந்து வைக்கோல் பெட்டியில் ரயிலில் வந்தன. வலது தொடையில்தான் ஊசி. ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா "வலிக்கும்" என்பார். ஒவ்வொரு முறையும் அம்மா, "பாவம், அந்தப் பொம்பளை எங்கன துடிக்காளோ" என்று உச்சுக் கொட்டுவாள்.

ஆடி நகர்ந்தது. ஒற்றுத்தாளில் அம்மாவின் சொட்டு ரோஜாவாகி, ரோஜா கறுத்துச் செம்பருத்திக்குப் பக்கத்தில் வந்தது. அப்பாவிடம் சண்டை குறைந்தது. தாளித்த வாசனை வந்தால் "பெருங்காயம் கூடிப்போச்சு" என்று பக்கத்து அறைக்காரிக்குச் சொல்லி அனுப்பினாள். சாரல் ஓயும் தறுவாயில், பெரியப்பாவிடமிருந்து "வண்டி எப்ப அனுப்ப?" என்று ஆள் வந்துவிட்டுப் போன மறுநாள் காலையில், வழக்கம்போல் டாக்டரம்மா எதிரே உட்கார்ந்தார். முதல்ல எனக்கு. அப்புறம் அம்மாவின் விரல்.

"ஏட்டி!" என்று கத்தி, டாக்டரம்மாவின் கையில் பளீரென்று ஒரு அடி வைத்தாள் அம்மா.

அப்பா குறுக்கே வந்தார். "டாக்டரம்மாவைப் போயி… ஏ, மன்னிப்புக் கேளு…"

டாக்டரம்மா அடிபட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "வலிக்குதா?"

"வலிக்காமப் பின்ன? நீ குத்துனா இனிக்கவா செய்யும்?"

"வலிக்குதாம்!" அந்தக் கனத்த உடம்பு குதித்தது. பூதக்கண்ணாடி மேஜையில் ஆடியது. "வலிக்குதாம், கேட்டீங்களா? என்னை ஏட்டின்னு விளிச்சாங்க!" ஒரு மனுஷிக்கு வலிக்கிறது என்பதற்காக இன்னொரு மனுஷி அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அம்மா எழுந்து நின்றாள். "தரை சில்லுன்னு இருக்கு" என்றாள். குனிந்தாள். குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பித்தவெடிப்பு வந்துட்டு" என்றாள். கண் கலங்கிப்போய்ச் சிரித்தாள். "என் காலுதான்."

சந்தோஷம் ஒரு பகல்தான் தாங்கியது. மறுபடி ஊசிக்குப் போனபோது அம்மா சேலையைக் காலைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இனி வேண்டாம். இப்ப இது என் காலு. இனிப் போட்டா அந்தப் பாவம் என் பாவம்."

மருந்தை விடக்கூடாது, விட்டால் ரத்தம் மறுபடி வெளுக்கும், கால் மறுபடி போய்விடும், விட்டு விட்டாவது ஆயுசுக்கும் போடவேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்பாவே கெஞ்சினார். "நான்லா சொல்லுதேன், போட்டுக்கோயேன்." அம்மா அசையவில்லை. புத்தி தெளிந்துவிட்டதல்லவா, பிடிவாதமும் தெளிந்திருந்தது. வெளியே சாரல் மெலிந்து, நூல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. கால் மறுபடி போய்விட்டால், பெரியப்பாவின் வண்டி வரும். அப்பாவின் வாக்கு அப்படியேதான் இருந்தது.

டாக்டரம்மா ஊசியை மேஜையில் வைத்தார். கட்டைவிரலால் தன் விரல் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு சொன்னார்:

"அப்ப அந்தப் பாவமும் முதல்ல எனக்கு. உங்க காலை எனக்குக் குடுத்துருங்க."

"காலையா?" என்றார் அப்பா.

"வலது கால் ஒண்ணு மதி. நான் மீன் தின்கிறவ, எனக்கு இதெல்லாம் பழகிப்போச்சு. என் கால்ல நான் ஊசி போட்டுக்கிட்டா அவங்களுக்கு என்ன?"

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா வாயால குடுத்தாச் செல்லாது. தாரை வார்த்துல்லா குடுக்கணும்."

மறுநாள் விடிந்ததும் அருவிக்கரைக்குப் போனோம். அப்பா விபூதி பூசி, பட்டுக்கரை வேட்டி கட்டி, பூமிதானம் கொடுக்கிற தோரணையில் நின்றார். எண்ணெய் அண்ணாச்சி சாட்சி. டாக்டரம்மா புதுச்சேலையில் கையைக் குழித்து நீட்டினார். அப்பா ஊர், நாள், நட்சத்திரம் எல்லாம் சொல்லி வந்து, தானப் பொருளுக்கு வந்ததும் திணறினார். "வலது… வலது காலை…" "சத்தமாச் சொல்லுங்க, சாட்சிக்குக் கேக்கணும்" என்றாள் அம்மா. சொம்பிலிருந்து குற்றாலத் தண்ணீரை அவளே சாய்த்தாள். புள்ளி புள்ளியான அந்த விரல்களின் வழியே தண்ணீர் வழிந்து பாறையில் ஓடியது.

"கிட்டிட்டு" என்றார் டாக்டரம்மா, ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு. "நடக்குறதுக்கு நீங்களே வச்சுக்குங்க. ஊசிக்கு மட்டும் நான் வருவேன்."

தென்காசிக்குத் திரும்பினோம். உள் கூடத்தில் பெரியப்பா வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்திருந்தார். நிலைவாசலில் அப்பா, "வலது காலை எடுத்து வச்சு வா" என்றார்.

"அது டாக்டரம்மா காலு" என்றாள் அம்மா. "அவுக முதல்ல போகட்டும்." வலது பாதம் படியைத் தாண்டியது. பின்னாலேயே தன் இடது காலோடு அம்மா வந்தாள். சுவரைப் பிடிக்காமல் நேரே பெரியப்பாவிடம் நடந்துபோய், "காப்பி போடட்டுமா மச்சான்?" என்று கேட்டாள். சங்கிலிப் பேச்சு அன்றோடு சரி.

யுத்தம் வந்தது. டாக்டரம்மா போய்விட்டார். பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு என்றார்கள், பம்பாய்க்கு என்றார்கள், சரியாகத் தெரியாது. புறப்படுமுன் வீட்டுக்கு வந்து, ஊறுகாயைக் கரண்டிக் காம்பால் தின்றுவிட்டு, "என் கால் பத்திரம்" என்று சொல்லிப் போனார். பலகையில் கடைசிவரை பேர் எழுதவில்லை.

அதன்பின் ஊசியும் ரத்தம் பார்ப்பதும் எங்கள் ஊரிலேயே ஒரு டாக்டரிடம். சின்ன வயசுக்காரர். கால்சட்டை, மெல்லிய மீசை. முதல் நாள் அவர் ஊசியை எடுத்துக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான், வலிக்கவே வலிக்காது" என்றார்.

அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"முதல்ல நீரு குத்திக்கிடும்."

"நானா?"

"எங்க டாக்டரம்மா அப்பிடித்தான் செய்வாவ."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். மலைமேல் மேகம் படுத்திருந்தது. வேறு வழியில்லாமல் அவர் தன் விரலைக் குத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்தார். அவருடைய முதல் சொட்டு மேலே வந்து நின்றது.

"வலிச்சுதா?" என்றாள் அம்மா.

"வலிச்சுதும்மா."

"அப்பச் சரி" என்று அம்மா விரலை நீட்டினாள்.